காரணம்: பெற்றோரின் ஆர்வமின்மை

மல்லசமுத்திரம்,
12.2.2025

அன்பு மாமாவுக்கு,

மஞ்சுளா எழுதுவது. நானும் நம் மகள் இலக்கியாவும் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீங்களும் உங்கள் போர்வெல் ரிக் வண்டி ஆட்களும் மேலுக்குச் சுகமாக இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நீங்கள் எப்போது பேசினாலும் பின்னால் கம்ப்ரசர் ஓடுகிறது. நான் ஒன்று சொன்னால் நீங்கள் "ஆ? ஆ?" என்கிறீர்கள். பிறகு "செரி, வெக்கட்டுமா" என்கிறீர்கள். இது அப்படிச் சொல்லி முடிகிற சங்கதி இல்லை. சடையன் அண்ணன் நாளைக்கு உங்கள் செட்டுக்கு மளிகைச் சாமானும் ஸ்பேரும் ஏற்றிக்கொண்டு ராய்ப்பூர் கிளம்புகிறாராம். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து இலக்கியாவுக்குப் பயிற்சி கொடுக்கும் இனியா டீச்சரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். போன மாதம் அவர் வந்தவுடன் பையைக்கூட இறக்காமல், "மஞ்சுளாக்கா, உங்க பேரக் குடுத்துட்டனுங்க" என்றார். எதற்கென்று கேட்டேன். சென்னையில் ஓர் அறக்கட்டளை இருக்கிறதாம். நம் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஊனமுற்ற பிள்ளைகளுக்கு என்னென்ன உதவி போய்ச் சேருகிறது, எது சேரவில்லை, ஏன் சேரவில்லை என்று ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு நிதி தருகிறதாம். பணம் கேட்டு ஐந்து பேர் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். யாருக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்யும் குழுவில் எப்போதும் டாக்டர்களும் பேராசிரியர்களும்தான் இருப்பார்களாம். இந்த வருடம் முதல்முறையாகப் பெற்றோர் இரண்டு பேரைச் சேர்க்கிறார்கள். அதில் ஒருத்தி நான்.

நான் பயந்துவிட்டேன். பிளஸ் டூ படித்துவிட்டு நூல் சுற்றப் போகிறவளை எதற்குங்க டீச்சர் என்றேன். அதற்கு அவர், "அங்க படிச்சவங்களுக்குப் பஞ்சமே இல்லீங்க. எட்டு வருசமா இப்படியொரு புள்ளைய வளத்து, தூக்கிட்டு பஸ் ஏறுன ஆளுதான் ஒருத்தரும் இல்ல" என்றார்.

ஐந்து விண்ணப்பங்களையும் தமிழில் சுருக்கி, புத்தகம் மாதிரி கட்டி அனுப்பியிருந்தார்கள். முதல் நாள் ஒரு பக்கம்கூட ஓடவில்லை. இரண்டாம் நாள் ஒன்று பிடிபட்டது. ஒவ்வொருவரும் முதலில் தங்களுக்கு என்ன தெரியாது என்றுதான் எழுதுகிறார்கள். 'இது குறித்து இதுவரை தெளிவான தகவல் இல்லை' என்று ஆரம்பிக்கிறார்கள். தெரியாது என்பதை இவ்வளவு மரியாதையாக எழுதலாம் என்று எனக்கு இதுவரை தெரியாது, மாமா. நம்மிடம் யாராவது கேட்டு, தெரியாது என்று சொன்னால் தலையைக் குனிந்துகொண்டல்லவா சொல்வோம்?

ஒரு விண்ணப்பத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுப்பார்களாம், மீதிப் பாதிக்கு ஆறு மாதம் கழித்துத்தானாம். எனக்குக் கோபம் வந்தது. டீச்சரிடம் கேட்டேன். "கடலைக் காட்டுல ஒரு பாத்திக்கு உரம் போட்டு, ஒரு பாத்திய சும்மா உட்டுப் பாக்கறதில்லீங்களா? அப்பத்தான உரம் வேல செஞ்சுதான்னு தெரியும்" என்றார். பிள்ளைகள் கடலைச் செடியா என்று சண்டைக்குப் போனேன். ஆனாலும் அன்றைக்கு முழுவதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு காரியம் பலித்தது என்று நமக்கு எப்படித் தெரிகிறது? நாம் எண்ணெய் தேய்த்ததால் கால் இளகியதா, அல்லது வெயில் காலம் வந்ததால் தானாகவே இளகியதா?

அதனால் நானும் ஒன்று செய்து பார்த்தேன். சிரிக்கக் கூடாது. இலக்கியா சத்தத்துக்குத் திரும்புவதில்லை என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம் அல்லவா? நம் வீட்டுக்குப் பின்னால் சின்னண்ணன் தறிப்பட்டறை ஓடுகிறது. ஒன்பது நாள் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். தறி ஓட ஆரம்பிக்கும்போது அவள் அசைவதே இல்லை. கரண்டு போய்த் தறி நிற்கிறது பாருங்கள், அப்போது தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்க்கிறாள். ஒன்பதில் ஏழு நாள். அவளுக்குக் காது கேட்கிறது, மாமா. சத்தம் நிற்பதுதான் அவளுக்குச் சேதி. டீச்சர் அதைத் தன் ரெக்கார்டில் எழுதிக்கொண்டார். தேதி போட்டு, 'தாயின் அவதானிப்பு' என்று எழுதினார். நான் எட்டிப் பார்த்துவிட்டேன்.

மார்ச் நான்காம் தேதி சேலத்தில் கூட்டம். உங்கள் தங்கச்சி வந்து இலக்கியாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறாள்.

அங்கே வெயில் ஏறியிருக்கும். தலையில் துண்டு இல்லாமல் நிற்காதீர்கள்.

என்றும் உங்கள்,
மஞ்சுளா


மல்லசமுத்திரம்,
6.3.2025

அன்பு மாமாவுக்கு,

மஞ்சுளா எழுதுவது. இங்கு எல்லோரும் நலமாக இருக்கிறோம். இலக்கியாவுக்கு இரண்டு நாள் சளி இருந்தது, இப்போது தேவலை. உங்கள் செட்டுக்கு மாற்று ஆட்கள் நாளைக்கு ராய்ப்பூருக்கு வண்டி ஏறுகிறார்களாம். அதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும்.

சேலம் கூட்டத்தைச் சொல்வதற்கு முன்னால் வேறொன்றைச் சொல்ல வேண்டும். போன கடிதம் எழுதும்போது நான் நான்காவது விண்ணப்பத்தை முழுக்கப் படித்திருக்கவில்லை. அதைப் போட்டவர் அனிதா என்று ஒரு பேராசிரியர். பயிற்சி மையத்துக்கு வர ஆரம்பிக்கும் குடும்பங்கள் பாதியில் ஏன் நின்றுவிடுகின்றன என்பதுதான் அவர் ஆராய்ச்சி. மூன்று வருடத்துக்கு முன்னால் சின்ன அளவில் ஒன்று செய்திருக்கிறார். இப்போது பெரிதாகச் செய்ய நிதி கேட்கிறார். அந்தப் பழைய ஆராய்ச்சியின் அட்டவணை கடைசிப் பக்கத்தில் இருந்தது. பெயர் கிடையாது, எண் மட்டும்.

பதினேழாம் எண்ணில் இப்படி இருந்தது: பெண் குழந்தை, வயது ஐந்து, மல்லசமுத்திரம் ஒன்றியம், தந்தை ரிக் வண்டியில் வெளிமாநில வேலை, ஐந்தாம் மாதம் நின்றது. காரணம்: பெற்றோரின் ஆர்வமின்மை.

மூன்று தடவை படித்தேன். அந்த வருடம் நம் ஒன்றியத்திலிருந்து அந்த மையத்துக்குப் போன ஐந்து வயதுப் பெண் குழந்தை நம் இலக்கியா ஒருத்திதான்.

செவ்வாயும் வெள்ளியும் மில் ஆட்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அடைத்துக்கொண்டு வரும் எட்டு மணி பஸ்ஸில், அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து நின்றவள் நான். எனக்கு ஆர்வமில்லையாம். புத்தகத்தை மூடி அரிசி டிரம்மின் மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அன்றைக்குச் சுற்றிய நூலெல்லாம் அறுந்து அறுந்து போனது.

இரண்டு நாள் கழித்துக் கோபம் தணிந்தபோது வேறொரு நினைப்பு வந்தது. இந்த வார்த்தையை யார் எழுதியது? எதைப் பார்த்து எழுதினார்கள்? வீட்டுக்கு ஒரு பெண் வந்ததும், கையில் சிலேட்டு மாதிரி ஒரு கணினிப் பலகை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டதும் நினைவிருந்தது. நான் என்ன சொன்னேன் என்பதுதான் நினைவில்லை.

இனியா டீச்சரிடம் காட்டினேன். அவர் அந்தப் பக்கத்தை வாங்கிப் படித்தார். பிறகு, "அக்கா, விதின்னு ஒண்ணு இருக்குதுங்க. விண்ணப்பத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தம் இருந்தா கூட்டத்துல சொல்லோணும். சொன்னா அந்த ஒண்ணுக்கு மட்டும் நீங்க வெளிய போயரோணும். ஓட்டுப் போட முடியாது" என்றார். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "ஒருத்தருக்கும் தெரியாதுங்க" என்றார்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? சேலம் பஸ்ஸில் உட்கார்ந்து போகும்போது, சொல்லாமல் இருந்து அந்த அம்மாவுக்கு நிதி கிடைக்காமல் செய்துவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். ஓமலூர் ரோட்டில் ஒரு ஓட்டலின் மாடியில் கூட்டம். நடுவில் நீளமான மேசை, ஒவ்வொருவர் முன்னாலும் பெயர் எழுதிய அட்டை. என் பெயருக்குக் கீழே 'பெற்றோர் உறுப்பினர்' என்று அச்சடித்திருந்தார்கள். அந்த அட்டையைப் பார்த்த பிறகு மனசு கேட்கவில்லை. தலைவர் சுவாமிநாதன் என்று ஒரு வயதான டாக்டர். அவர் ஆரம்பிக்கும் முன்பே எழுந்து சொல்லிவிட்டேன். "ஐயா, நாலாவதுல இருக்கற பதினேழாம் நம்பரு எம்பட புள்ளைங்க" என்றேன்.

அத்தனை பேரும் அந்தப் பக்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. ஒருத்தரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தலைவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சொன்னதற்கு நன்றி என்றார். நான்காவது வரும்போது வெளியே இருக்கச் சொன்னார். ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகிறேனே என்றேன். முடியாதும்மா, விதி என்றார். குரலில் வருத்தம் இருந்தது.

மூன்றாவது விண்ணப்பத்தைப் பற்றி ஆளாளுக்கு வாதாடி நேரம் நீண்டுவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு நான் முன்னதாகவே வெளியே வந்து உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியில் ஒரு பெண், மடியில் லேப்டாப். நாற்பது வயது இருக்கும். உள்ளே கூப்பிடக் காத்திருந்தார். அவர்தான் அனிதா.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. நான்தாங்க பதினேழாம் நம்பர் என்றேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. பெயர் இல்லாவிட்டாலும் ஆளைக் கண்டுபிடிக்கிற மாதிரி அச்சடித்தது தப்பு என்று முதலில் அதற்கு மன்னிப்புக் கேட்டார். அது கிடக்கட்டுங்க, இந்தக் காரணத்தை யார் எழுதினாங்க என்று கேட்டேன்.

சாக்குப்போக்கு ஒன்றும் சொல்லவில்லை, மாமா. லேப்டாப்பை என் பக்கம் திருப்பிப் பழைய கோப்பைத் திறந்தார். கேள்வி கேட்க வந்த பெண்ணின் பலகையில் அந்தக் கேள்விக்கு நான்கு கட்டம்தான் இருந்ததாம். செலவு, தூரம், குழந்தையின் உடல்நிலை, பெற்றோரின் ஆர்வமின்மை. ஒன்றைத் தொடாமல் அடுத்த கேள்விக்குப் போக முடியாது. ஆனால் வரிசையின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு நெடுவரிசை இருந்திருக்கிறது. அச்சடிக்கும்போது தாளில் அகலம் போதவில்லை என்று அதை எடுத்துவிட்டார்கள். அனிதா திரையை வலப்பக்கம் தள்ளித் தள்ளிப் போனார். பதினேழாம் எண்ணுக்கு நேராக அந்தப் பெண் எழுதியிருந்தாள்: 'கணவர் போதும் என்று சொல்லிவிட்டார் என்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, தெரியாது என்கிறார்.'

அனிதா அதைச் சத்தமாகப் படித்தார். "மூணு வருசமா இந்த நெடுவரிசையை நான் பார்க்கவே இல்லைங்க" என்றார்.

பிறகு இரண்டு பேரும் அந்தத் திரைமேல் குனிந்துகொண்டு மற்ற எண்களைப் பார்த்தோம். ஆர்வமின்மை என்று இருந்தது எட்டுப் பிள்ளைகளுக்கு. அதில் ஐந்து பேருடைய குறிப்பில் அப்பாதான் வருகிறார். 'அவர் வேண்டாம் என்றார்', 'அவர் லாரியில் போயிருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன்', 'அவர் பேச மாட்டேன் என்கிறார்'. இந்த ஐந்து அப்பாக்களிடமும் கேட்டீங்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். ஒருத்தரிடமும் கேட்கவில்லை. அதற்குள் உள்ளே இருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை. இன்னொரு பெற்றோர் உறுப்பினர், ஆத்தூர் அரிசி மில்லில் வேலை பார்க்கும் தீனதயாளன், வெளியே வந்து சொன்னார். "அந்தம்மா எடுத்ததுமே 'என் அட்டவணை தப்பு'ன்னு சொல்லிட்டாங்கம்மா. எல்லாரும் அசந்துபோயிட்டாங்க. நிதி கேக்க வந்த எடத்துல எவனாவது அப்படிச் சொல்லுவானா?" என்றார். முடிவைப் பிறகு தெரிவிப்போம் என்று அந்த அம்மாவை அனுப்பிவிட்டார்கள்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

அந்தக் குறிப்பைப் பார்த்ததும் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. மையத்தில் சொல்லிக் கொடுத்தபடி இலக்கியாவின் காலை நீட்டிப் பிடித்திருந்தேன். அவள் கத்திக்கொண்டிருந்தாள். அப்போது உங்கள் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். அவள் கத்துவது உங்களுக்கும் கேட்டிருக்கும். பிறகு "போதும் மஞ்சு, உட்டுரு" என்றீர்கள். போனை வைத்துவிட்டீர்கள். அடுத்த செவ்வாய் நான் பஸ் ஏறவில்லை.

நான் ஏன் என்று உங்களிடம் கேட்கவே இல்லை. இந்த மனுசனுக்குப் பிள்ளைமேல் பிடிப்பில்லை என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். போன ஆடியில் வந்து பத்து நாள் இருந்தபோது, ஓடு மாற்றினீர்கள், அவள் கட்டிலுக்குச் சுற்றிலும் கம்பி வைத்து அடைத்தீர்கள், ஒருமுறைகூட அவளை மடியில் எடுக்கவில்லை. மடியில் எடுக்காததை மட்டும் நான் கணக்கில் வைத்துக்கொண்டேன். கம்பி அடைத்ததை அச்சடிக்கும்போது அகலம் போதவில்லை என்று விட்டுவிட்டேன் போலிருக்கிறது. மூன்று வருடமாக நானும் உங்களுக்கு ஒரே கட்டத்தில்தான் டிக் அடித்து வைத்திருந்தேன், மாமா.

என்னையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போதும் என்றபோது எனக்குள் ஓர் ஓரத்தில் அப்பாடா என்றிருந்தது. அந்த பஸ், அந்தக் கூட்டம், அந்த அழுகை எல்லாம் இனி இல்லை என்று. அதை நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. அதனால் அந்த அட்டவணை முழுப் பொய் என்று அனிதாவிடம் என்னால் சொல்ல முடியவில்லை.

சண்டைக்காக எழுதவில்லை. எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. அவள் அழுவது தாங்காமல் சொன்னீர்களா? நான் பஸ்ஸில் படுகிற பாட்டை நினைத்துச் சொன்னீர்களா? பலன் இருக்காது என்று வேறு யாராவது உங்களிடம் சொன்னார்களா? அல்லது நான் நினைக்காத வேறு ஏதாவதா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்,
மஞ்சுளா


மல்லசமுத்திரம்,
20.4.2025

அன்பு மாமாவுக்கு,

மஞ்சுளா எழுதுவது. இங்கு சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் சுகத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இதைத் தபாலில் போடுகிறேன், அங்கே ஆபீஸ் விலாசத்துக்கு.

"கடுதாசி ரெண்டும் கெடச்சுது மஞ்சு" என்று நீங்கள் அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். நான்கு விநாடிதான். ஆனால் அதில் கம்ப்ரசர் சத்தம் இல்லை. அது வந்தது பகல் ஒரு மணிக்கு. போர் போடும் சீசனில் அந்த நேரத்தில் வண்டி நிற்காது. அப்படியென்றால் அதைச் சொல்வதற்காகவே நீங்கள் ரொம்பத் தூரம் நடந்து போயிருக்க வேண்டும். நான் நினைப்பது சரியா என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் இப்படித்தான் யோசிக்கிறேன்.

முடிவு வந்துவிட்டது. அனிதா கேட்டது மூன்று வருட ஆராய்ச்சிக்கு. ஒரு வருடத்துக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்கள். கேள்விகளை முதலிலிருந்து மாற்றி எழுத வேண்டும், கண்டுபிடித்ததைப் பதில் சொன்ன குடும்பங்களுக்கு வந்து சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் மீதி என்று நிபந்தனை. தன் தப்பைச் சொன்னதால் வருடம் குறைந்ததா, அல்லது சொன்னதால்தான் இந்த ஒரு வருடமாவது கிடைத்ததா என்று டீச்சரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அனிதா நம் வீட்டுக்கே வந்திருந்தார். புதுக் கேள்வித்தாளைக் காட்டினார். அந்தக் கேள்விக்குக் கட்டமே இல்லை, வெறும் கோடுகள்தான். எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். திரும்ப மையத்துக்கு வரச் சொல்லி அவர் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் இனியா டீச்சரிடம் சொல்லி, பழைய பயிற்சியை வீட்டில் மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். காலை நீட்டும்போது இலக்கியா அழத்தான் செய்கிறாள். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறேன். முதல் வாரம் இருபது வரைக்கும் அழுதாள். நேற்று பன்னிரண்டில் நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்தது என்ன வருமென்று. இது பயிற்சியாலா, பழக்கத்தாலா என்று கேட்காதீர்கள். எழுதி வைத்துக்கொண்டுதான் வருகிறேன்.

இந்தத் தடவை அப்பாக்களிடமும் கேட்கப் போகிறார்கள், மாமா. ரிக்கிலும் லாரியிலும் வெளியூரில் இருப்பவர்களுக்கு அனிதாவே போன் செய்வாராம். உங்கள் நம்பரைக் கேட்டார். உங்களைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று கொடுக்கவில்லை. கொடுக்கலாம் என்றால் ஒரு வார்த்தை அனுப்புங்கள். வேண்டாம் என்றாலும் அனுப்புங்கள்.

நீங்கள் அவரிடம் சொல்வது எதுவும் எனக்கு வராது. அது அவர்கள் விதி. என் மனசு நோகுமே என்று எதையும் மாற்றிச் சொல்ல வேண்டாம். எப்படி இருந்ததோ அப்படியே சொல்லுங்கள். நிஜமாகவே ஆர்வமில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

ஆனால் ஆடிக்கு ஊருக்கு வரும்போது என்னிடமும் ஒருமுறை சொல்லுங்கள். நான் எதிர்ப்பேச்சுப் பேச மாட்டேன். இலக்கியாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

ரிக்கில் ராடு மாற்றும்போது கையில் கவனம். நல்லபடியாக வந்து சேருங்கள்.

என்றும் உங்கள்,
மஞ்சுளா